தன்னாய்வு: சேலம், நாமக்கல் வட்டார முறைகள்

நாள்தோறும் சிறிது நேரம் தன்னைத் தானே விசாரித்து, தெரியவந்ததை எழுதிவைப்பது தன்னாய்வு. இதற்கு நோட்டு, ஓய்வு, உண்மை ஆகிய மூன்றும் வேண்டும். முதலாவது இவ்வட்டாரத்தில் இலவசம்; தீவனக் கடையும் லாரிப் பட்டறையும் ஜனவரியில் டைரி கொடுத்துவிடும். அதன் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, இரண்டாவதில் அதிகாலையில் எழும் உறுதிமொழி. பொங்கல் கழிந்ததும் பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் பொறுப்பேற்கும்.

ஓய்வுக்கு முன்னோடி ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில், 1917இல் நகராட்சித் தலைவர் பதவி என்று இருந்தவருக்கு, வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் கிடைத்தது. 1921 டிசம்பரில் தொடங்கி 1922 மார்ச் வரை அங்கே எழுதிய நாட்குறிப்பு நூலாகவே வந்தது. தங்குமிடமும் உணவும் அரசு செலவு. இன்றைய தியான முகாம்கள் ஏறக்குறைய இதே வசதிக்குக் கட்டணம் வாங்குகின்றன.

உண்மைக்கு நாமக்கல் கோழிப்பண்ணைப் பதிவேட்டை மிஞ்ச ஆளில்லை. தின்ற தீவனம், இட்ட முட்டை, செத்த கோழி எல்லாம் அன்றன்றே ஏறும். முட்டை குறைந்தால் யாரும் கோழியைத் திட்டுவதில்லை. தீவனமா, தண்ணீரா, வெளிச்சமா, வெயிலா என்று காரணம் தேடுவார்கள். அதே பண்ணைக்காரர் வீட்டில் பிள்ளையின் மார்க் குறைந்தால் ஆராய்ச்சி கிடையாது. தீர்ப்பு உடனே வந்துவிடும். பண்ணைக்காரரின் கோபத்துக்கும் தவறிய வாக்குக்கும் பதிவேட்டில் கட்டம் போடவில்லை.