ஏழு ஹெரால்டு சேர்ந்த ஓர் எஞ்சின்

இண்டியானாபோலிஸ்,
மே மாதம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் இப்போது தேவலையா?

வாட்ஸ்அப்பில் பேசினால் பெரியம்மா பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறார். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நான் கார் ஏலத்துக்குப் போனேன் என்று அம்மா சொன்னது நிஜம். 'ரேஸ் காரு' வாங்கிவிட்டேன் என்று பெரியம்மா சேலையூர் முழுக்கச் சொன்னது நிஜமில்லை. பார்க்கத்தான் போனேன். இந்த ஊரில் பார்ப்பதற்கே டிக்கெட் உண்டு.

நம் பக்கம் வண்டி ஏலம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷன் ஓரத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்து, சக்கரத்துக்குள் கொடி படர்ந்து, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தும் பைக்குகள். உரிமை கோர யாரும் வராவிட்டால் பேப்பரில் அறிவிப்பு வரும். முன்பணம் கட்டிய பழைய இரும்பு வியாபாரிகள் நாலு பேர் ஒரு ஓரமாக நின்று பேசி முடித்துவிடுவார்கள். இங்கே நடப்பதற்கும் பெயர் ஏலம்தான். மீகம் என்ற கம்பெனி ஒவ்வொரு மே மாதமும் இண்டியானா மாநிலக் கண்காட்சி மைதானத்தில் நடத்துகிறது. ஆகஸ்டில் இதே கொட்டகைகளில் மாடும் பன்றியும் காட்டிப் பரிசு கொடுப்பார்கள். மே மாதத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. மாட்டைத் தடவிப் பார்ப்பவர்களைவிடக் காரைத் தடவிப் பார்ப்பவர்களுக்குத்தான் பாசம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

என்னைக் கூட்டிப் போனவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. ரிட்டயர்ட் மெக்கானிக். தன்னுடைய 1970 செவர்லே செவெல் காரை விற்க வந்தார். அவர் மனைவியும் கூடவே வந்தார், விற்ற காசில் இவர் இன்னொன்றை வாங்காமல் பார்த்துக்கொள்ள.

மசில் கார் என்றால் என்ன என்று போனில் கேட்டீர்கள். பெருங்களத்தூர்க் கணக்கில் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே இருந்த நம் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரை இறக்கியதே, ஞாபகம் இருக்கிறதா? உடம்பு இங்கிலாந்து ரோவர். அந்த ஊரில் அதற்குள் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின் வைத்தும் விற்றார்கள். நம் ஆட்கள் அதே உடம்புக்குள் பழைய வான்கார்டு வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்துக் கொடுத்தார்கள். பார்த்தால் மந்திரி வண்டி, மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். இதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் மசில் கார். சாதாரணக் குடும்பம் மளிகை வாங்கப் போகும் நடுத்தர சைஸ் காருக்குள் லாரிக்குப் போதுமான எஞ்சினைத் திணிப்பது.

தொடங்கி வைத்தது 1964-ன் பான்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை உத்தரவு போட்டிருந்தது. பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவர் ஆட்களும் உத்தரவை நன்றாகப் படித்தார்கள். காருக்குத்தான் தடை, காரோடு விரும்பிக் கேட்பவருக்குக் கொடுக்கும் 'ஆப்ஷனு'க்குத் தடை இல்லை. 389 கன அங்குல எஞ்சினை 295 டாலர் ஆப்ஷன் என்று எழுதிவிட்டார்கள். ஐயாயிரம் வண்டி போனால் பெரிசு என்று நினைத்தார்கள். முதல் வருடமே 32,450 போனது. சட்டத்துக்கும் அதன் இடுக்குக்கும் நடுவே வண்டி ஓட்டும் சாமர்த்தியம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மட்டும் சொந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு போட்டி. கிரைஸ்லர்காரர்கள் 'ஹெமி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 426 கன அங்குலம், 425 குதிரை. நம் கணக்கில் ஏறக்குறைய ஏழு லிட்டர். உங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 948 சி.சி. ஏழு ஹெரால்டு எஞ்சினைச் சேர்த்து வைத்தாலும் கொஞ்சம் குறையும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். சேலையூரிலிருந்து பாரிமுனை போய் வர 15 லிட்டர் பெட்ரோல். திரும்பி வந்து காரை விற்றுத்தான் பெட்ரோல் பங்கில் பாக்கி அடைக்க வேண்டும்.

கலர்களைப் பார்க்க வேண்டுமே! 'பிளம் கிரேஸி' என்று ஒன்று, அசல் நாவல்பழ நிறம். 'கோ மேங்கோ' என்று இன்னொன்று. 1968-ல் பிளிமத் கம்பெனி 'ரோடு ரன்னர்' என்று ஒரு காருக்கு, கார்ட்டூனில் ஓடுமே அந்தப் பறவையின் பெயரை வைக்க, வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தது. ஹாரனும் அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்கிறது. அதைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் அடித்தால் ஒரு ஷேர் ஆட்டோகூட நகராது.

ஆட்டம் ஏழெட்டு வருடம்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இளவட்டங்களிடம் காரின் விலையை எட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பிரீமியம் கேட்டன, 1970-ல் புகைக்குச் சட்டம் வந்தது, 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. கதை முடிந்தது. வைத்திருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். நசுக்கி உருக்கியவை போக மிஞ்சியவற்றுக்குத்தான் இன்று இந்தக் கூட்டம். 1971-ல் பிளிமத் ஹெமி குடா, மேல்கூரை திறக்கும் மாடலில், பதினொன்றுதான் செய்தார்கள் என்கிறார்கள், வாங்க ஆள் இல்லாமல். அதில் ஒன்று 2014-ல் சியாட்டிலில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

சரி, ஏலத்துக்கு வருகிறேன். கார் தானே ஓடி மேடை ஏறுகிறது. ஏலக்காரர் பேசுவது ஆங்கிலம் என்று சொன்னார்கள், நான் நம்பிக்கொண்டேன். மூச்சு விடாமல் ஒரே ராகம், நடுநடுவே எண்கள். கூட்டத்துக்குள் அவருடைய ஆட்கள் நிற்கிறார்கள். யாராவது தலையசைத்தால் 'யெப்!' என்று காது கிழியக் கத்துவார்கள். கேட்பவர் அடையாள அட்டையும் பேங்க் கடிதமும் முன்கூட்டியே காட்டி எண் வாங்கியிருக்க வேண்டும். ஒரு காருக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான். பக்கத்து வீட்டுத் தாத்தா நாற்பது வருடம் துடைத்துத் துடைத்து வைத்த வண்டிக்கும் அவ்வளவுதான்.

இதில் 'ரிசர்வ்' என்று ஒன்று உண்டு. இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று விற்பவர் ரகசியமாக எழுதிக் கொடுக்கும் விலை. கேள்வி அதைத் தொடாவிட்டால் 'விற்கவில்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதில்லை. 'ஏலம் தொடர்கிறது' என்று மரியாதையாகச் சொல்லிக் காரைக் கீழே இறக்குகிறார்கள். பெண் பார்த்துவிட்டு, பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்' என்று கிளம்புவார்களே, சாட்சாத் அதே குரல். தாத்தாவின் செவெலுக்கும் லெட்டர் போடுவதாகத்தான் சொன்னார்கள்.

காரணம் என்ன தெரியுமா? வண்டியில் ஒரு குறையும் இல்லை. காகிதத்தில் குறை. அவர் வண்டி 'எஸ்.எஸ்.' என்ற உயர்ந்த ரகம். ஆனால் அந்த வருட செவெலில் சேஸிஸ் நம்பரைப் பார்த்து அது எஸ்.எஸ்.ஸா இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் சாதா செவெலுக்கு எஸ்.எஸ். பட்டையும் பெரிய எஞ்சினும் மாட்டி விற்பது இங்கே ஒரு தனித் தொழில். மரியாதையாக 'ட்ரிப்யூட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் இதற்கு இருக்கும் பெயரை உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. அசல் என்று நிரூபிக்க ஃபாக்டரியில் வண்டியோடு போட்ட பில்டு ஷீட் வேண்டும். அதைப் பெட்ரோல் டேங்க்கின் தலையில் சொருகி அனுப்புவார்களாம். கிரைஸ்லர் வண்டியில் பின் சீட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் கிடைக்குமாம். தாத்தா வண்டியில் அந்தத் தாளை என்றைக்கோ எலி தின்றுவிட்டது. ஒரு தாள் இல்லாததால் எத்தனையோ ஆயிரம் டாலர் காணோம்.

வாங்க வருபவர்கள் செய்யும் சோதனையைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எழுபது வயதுக்காரர் ஒருவர் அட்டையைத் தரையில் விரித்துக் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். ஒரு கையில் டார்ச், மறு கையில் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி கண்ணாடி. எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். வெளியே நின்ற மகன் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டோடு ஒப்பிட்டு 'ம்... ம்...' என்றான். கடைசி எண்ணுக்கு 'ம்' வந்ததும் பெரியவர் படுத்தபடியே சிரித்தார். பிறந்தபோது இருந்த எஞ்சினே இன்றும் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் துணி சுற்றிய காந்தத்தைக் கதவோரம் ஓட்டினார். ஒட்டினால் தகரம், நழுவினால் பட்டி. நம் டிங்கரிங் ஆட்கள் தடவும் அதே பட்டிதான். இந்த விஷயத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமே இல்லை.

இங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் கதை ஒன்று. 1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் பறக்கவிட்ட பச்சை மஸ்டாங். நியூஜெர்ஸிக்காரர் ஒருவர் 1974-ல் பத்திரிகை விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கினார். அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அந்தக் காரில்தான் வேலைக்குப் போய் வந்தார். 'டீச்சர் ஓட்டின வண்டி சார்' என்று நம் ஊர் புரோக்கர் சொன்னால் யாராவது நம்புவோமா? இங்கே அது சத்தியம். 1977-ல் மெக்வீனே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதினார். கொடுக்கவில்லை. பெயின்ட் அடிக்கவில்லை, சொட்டை எடுக்கவில்லை, படப்பிடிப்புக்குக் கேமரா மாட்டப் பற்றவைத்த இரும்பைக்கூட அறுக்கவில்லை. 2020 ஜனவரி 10 அன்று, ஃபுளோரிடா கிஸிமியில், அந்தக் குடும்பத்தின் விருப்பப்படி 3,500 டாலரில் கேள்வி தொடங்கி, 34 லட்சத்தில் நின்றது. வாங்குபவர் தலையில் ஏறும் பத்து சதவீதத்தையும் சேர்த்து 37.4 லட்சம் டாலர். நம் காசில் அன்றைக்கு ஏறக்குறைய 26 கோடி. துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று தாத்தா அடித்துச் சொல்கிறார். நானும் அந்தக் கட்சிதான்.

சாயங்காலம் வெளியே வந்தால் பார்க்கிங்கில் என் பழைய ஃபோர்டு ஈகோஸ்போர்ட். நான் ஓட்டும் வண்டியின் நம்பரையும் பார்ப்போமே என்று தாத்தா குனிந்து பார்த்தார். எம்.ஏ.ஜே. என்று தொடங்கியது. 'இது எந்த ஊர் எழுத்து?' என்றார். மறைமலைநகர் என்றேன். அமெரிக்காவுக்கு ஈகோஸ்போர்ட்டைச் செய்து அனுப்பியது நம் ஃபாக்டரிதான். தாம்பரத்தில் ஏறினால் அரை மணியில் மறைமலைநகர் என்று சொல்லி, வண்டிக்கும் எனக்கும் ஒரே மின்சார ரயில் லைன் என்று விளக்கினேன். தாத்தா தொப்பியைக் கழற்றிக் காருக்கு வணக்கம் வைத்தார். எனக்கு இதுவரை வைத்ததில்லை.

இப்போது உங்கள் ஹெரால்டு. புரோக்கர் ஒருவன் வந்து, 'சிவப்பு அடிச்சு, மாருதி எஞ்சின் போட்டு, கல்யாண ஊர்வலத்துக்கு விட்டுடலாம்' என்கிறானாம். இங்கே அதை அனுப்பினால் என்ன கிடைக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தக் கூட்டத்தில் ஹெரால்டைக் கேட்பார் இல்லை, ஆசை வேண்டாம். ஆனால் நம் ஊரில் அதன் மதிப்பே வேறு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்து, பெருங்களத்தூரில் 1961 முதல் செய்த வண்டி. உங்களுடையது 1968-ல் வந்த நாலு கதவு மார்க் 3. பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாயும் அந்த அமைப்பைத் தெருப்பசங்கள் இன்றைக்கும் வாய் பிளந்து பார்க்கிறார்கள். 1988-ல் ஃபாக்டரி மூடிவிட்டது. அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. இனி ஒன்றுகூட வராது.

2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். உடம்பையும் சேஸிஸையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு நம்பர் பிளேட் தருவார்கள். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க 5,000. கண்காட்சிக்கும் பழைய கார் ரேலிக்கும் ஓட்டலாம். தினமும் காய்கறிக்கு ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. ஆகக் கல்யாண ஊர்வல யோசனை அங்கேயே அடிபட்டது. மாருதி எஞ்சின் போட்டால் வி.ஏ.வும் போச்சு.

அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். சிவப்பு பெயின்ட்டை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். ஆர்.சி. புத்தகமும் அந்தக் காலத்து ரசீதும் பீரோவில் பெரியம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில்தான் இருக்கும். எடுத்து லேமினேட் செய்யாமல், எலி எட்டாத டப்பாவில் வையுங்கள். எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி. பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். பொருந்தினால் யார் எவ்வளவு கேட்டாலும் எனக்கு ஒரு போன் போடாமல் விற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்