மதகும் மணிக்கட்டும்

செங்கல்பட்டில் என் பள்ளிக் காலத்தில் விடியற்காலையில் ஓடியவர்கள் எல்லோருக்கும் போலீஸ் வேலைதான் நோக்கம், இல்லையென்றால் பட்டாளம். உடம்புக்கு நல்லது என்று ஓடிய ஒருவரையும் எனக்கு நினைவில்லை. கொளவாய் ஏரிக்கரைதான் மைதானம். இருட்டு பிரிவதற்குள் நாலைந்து பேர் கரையேறிவிடுவார்கள். யாராவது ஒருவர் காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ இருக்கும், மற்றவர்கள் வெறுங்கால். கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடுகிற வழக்கம் கிடையாது. ஏரியை ஒட்டிப் போகிற தண்டவாளம் இருந்ததே, அது போதும். "சென்னை வண்டி தாண்டறதுக்குள்ள மதகத் தொட்டுடணும் தம்பி" என்பார் எங்கள் தெரு அண்ணன். அன்றைய பயிற்சி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

முதலில் பக்கத்து மதகு வரை. மூச்சு பழகியதும் அடுத்த மதகு. அதுவும் பழகிவிட்டால் கரை வளைகிற இடத்துப் பனைமரங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுக்கிற நாள், யாரும் ஓடமாட்டார்கள். மற்ற நாட்களில் ஓடி முடித்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கை. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், உடம்பு பழக அவகாசம் தர வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது ஓய்ந்திருக்க வேண்டும். இன்றைக்கு எந்தப் பயிற்சி அட்டவணையைப் பிரித்துப் பார்த்தாலும் அடியில் இருப்பது இதுதான். எங்கள் அண்ணன்மார்களுக்கு அது யாரும் எழுதித் தராமலே கைவந்திருந்தது.

மெதுவாக ஓட மட்டும் அவர்களுக்குத் தெரியாது. தேர்வில் கேட்பது வேகம். இன்றும் தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். தேர்வில் வேகம் வேண்டுமென்றால் தினமும் வேகமாகத்தானே ஓட வேண்டும் என்று நினைத்தார்கள். நினைத்தபடியே வாரத்துக்கு ஆறு நாளும் நெஞ்சு வெடிக்க ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும். எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் வருவார்கள். தேர்வு நாள் வருமுன்பே வலியால் ஓட்டத்தை விட்டவர்களும் உண்டு.

அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறுவதில்லை. அந்த வலியைத் தவிர்க்கும் வழி அன்றே உலகத்தில் இருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி அதைக் கண்டுபிடித்திருந்தார். முதலில் பல வாரங்கள் நிதானமான நீண்ட ஓட்டம், பிறகு மேட்டில் ஏறுகிற பயிற்சி, கடைசியில்தான் வேகம். தன் பேட்டைப் பையன்களை வைத்தே அதை நிரூபித்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். 800 மீட்டர் ஓடுகிறவனையே வாரத்துக்கு 100 மைல் வரை ஓடவைத்தவர் லிடியார்ட். அந்தச் செய்தி கொளவாய் ஏரிக்கரைக்கு வந்து சேரவே இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாலு மணிக்கு மாமல்லபுரத்தில் போய் நின்று பாருங்கள். மறைமலைநகர், மகிந்திரா சிட்டி, சிறுசேரி, கேளம்பாக்கம் என்று எல்லாப் பக்கமிருந்தும் கார்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் மென்பொருள் வேலைக்காரர், வங்கி மேலாளர், பள்ளி ஆசிரியை, கல்யாண வயதுப் பெண்ணுக்கு அப்பா என்று எல்லோரும் உண்டு. ஓடித்தான் பிழைக்க வேண்டும் என்கிற நிலையில் ஒருவரும் இல்லை. ஆனால் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் 18 வாரத் திட்டம் இருக்கிறது. எந்தக் கிலோமீட்டரில் வேகம் கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று கடிகாரம் அதிர்ந்து சொல்கிறது. வாழ்க்கையே அந்த ஏழு நிமிடத்தில் தொங்கியவனிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எதுவும் தொங்காதவரிடம் உலகத்தின் நல்ல பயிற்சியாளர்கள் அத்தனை பேரும் கைக்குள் இருக்கிறார்கள். இதை இவர்கள்மேல் குறையாகச் சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல், ஒருவரும் கேட்காமல், தன் விருப்பத்தில் மாரத்தான் ஓட வருகிறவரை நான் மதிக்கிறேன். அவர்களோடு நானும் ஓடுகிறேன்.

அதனால்தான் அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும் விதம் எனக்குக் கவலை தருகிறது. "அண்ணா, போன வருஷம் நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சாரே அவரு, என்ன பிளான் போட்டாரு?" இப்படித்தான் கேள்வி வருகிறது. அவர் போட்டது எதுவாகவும் இருக்கட்டும். நீங்கள் போன ஒன்றரை மாதம் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள், எத்தனை நாள் ஓடினீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள். மாரத்தான் பயிற்சியாளர் ஹால் ஹிக்டனின் தொடக்கநிலைத் திட்டத்தில் முதல் வார நீண்ட ஓட்டம் 6 மைல், அதாவது 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு பயிற்சியாளர் பீட் ஃபிட்ஸிஞ்சரின் நடுத்தரத் திட்டத்தில் முதல் வார மொத்தமே 50 கிலோமீட்டரைத் தாண்டும், உச்சத்தில் 88-ஐத் தொடும். இரண்டும் 18 வாரம்தான். மேலே இருக்கிற வார எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்தவர் மூன்றாவது வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்.

இதைவிடப் பெரிய ஆபத்து கலவை. அமெரிக்காவில் தென் கரோலினாவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவான திட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் போதும். அலுவலகம் போகிறவர்களுக்கு அது வரம் மாதிரித் தெரிகிறது. ஆனால் அந்த மூன்று நாளும் கடினமான வேகத்தில் ஓட வேண்டும், அதோடு இரண்டு நாள் சைக்கிளோ நீச்சலோ உண்டு. பயிற்சியாளர்களான ஹான்சன் சகோதரர்களின் திட்டம் இதற்கு நேர் எதிர். நீண்ட ஓட்டத்தை 16 மைலோடு, 26 கிலோமீட்டரோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு ஈடாக வாரத்தில் ஆறு நாள் ஓட வேண்டும். முந்தைய நாட்களின் களைப்போடு ஓடுவதால் அந்த 26 கிலோமீட்டர் மாரத்தானின் பின்பாதி போல உடம்புக்கு உறைக்கும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டுமே நேர்மையான திட்டங்கள். நம் ஆட்கள் பலர் ஃபர்மனிலிருந்து மூன்று நாளை எடுத்துக்கொள்கிறார்கள், ஹான்சனிலிருந்து 26 கிலோமீட்டரை எடுத்துக்கொள்கிறார்கள். சைக்கிளையும் ஆறு நாளையும் விட்டுவிடுகிறார்கள். மிஞ்சுவது வாரத்துக்கு மூன்று நாள் மெல்லோட்டமும் எப்போதாவது ஒரு 26-உம். அதை நம்பி 42.195 கிலோமீட்டருக்குப் போய் 30-ஆவது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்குகிறவரைப் பார்க்கையில், எட்டிப் பிடித்துச் சொல்லியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

32 கிலோமீட்டர் என்கிற எண்மேல் இங்கே இருக்கும் பக்தியையும் சொல்ல வேண்டும். மைல் கணக்கு நாட்டில் 20 என்பது முழு எண், 20 மைல்தான் 32 கிலோமீட்டர். உடற்கூறு விதித்த எல்லை எதுவும் அதில் இல்லை. மாமல்லபுரத்திலிருந்து சாளுவன்குப்பம், பட்டிபுலம், வடநெம்மேலி முதலைப் பண்ணை எல்லாம் தாண்டிப் போய்த் திரும்பினால் அந்தத் தூரம் வந்துவிடும். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் ஓடுகிறவர் அதை 2 மணி 40 நிமிடத்தில் முடித்துவிடுவார். 8 நிமிடம் எடுத்துக்கொள்கிறவருக்கு 4 மணி 16 நிமிடம் ஆகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எட்டு மணி வெயிலில் கடைசி ஒரு மணி நேரத்தைத் தள்ளிக்கொண்டு வருவார். அவருக்கு அதில் கிடைக்கிற பலனைவிட அதிலிருந்து மீண்டுவர ஆகிற நாட்கள் அதிகம். அப்படிப்பட்டவருக்கு நான் தூரத்துக்குப் பதில் நேரத்தைத்தான் சொல்வேன், மூன்று, மூன்றரை மணி நேரத்தில் நிறுத்திவிடச் சொல்வேன். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய முறையையும் சொல்வேன். சில நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே மாற்றி மாற்றிப் போவது. நம் வெயிலுக்கு இவ்வளவு பொருந்துகிற முறை வேறில்லை. நடந்தால் கௌரவம் போய்விடும் என்று அதை ஒதுக்குகிறவர்கள்தான் கடைசியில் வேறு வழியின்றி நடக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நீண்ட ஓட்டம் செங்கல்பட்டில் கிளம்பி மாமல்லபுரத்தில் முடிவது. வழியில் திருக்கழுக்குன்றம், வேதகிரீஸ்வரர் மலை கண்ணில் பட்டால் பாதி வந்தாயிற்று. மொத்தம் 30 கிலோமீட்டருக்கு ஒட்டி வரும். போக ஓட்டம், திரும்ப பஸ்.

அட்டவணைகள் எழுதப்பட்ட நாடுகளின் பருவம் வேறு. சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கிறது. பந்தய நாளிலிருந்து 18 வாரம் பின்னோக்கி எண்ணினால் ஆவணிக் கடைசியில் தொடங்க வேண்டும். தூரம் உச்சத்தைத் தொடுகிற வாரங்கள் சரியாக ஐப்பசி, கார்த்திகையில் விழும், வடகிழக்குப் பருவமழையின் உச்சமும் அதுவே. 2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. ஜனவரிப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களின் நீண்ட ஓட்டத்துக்கான பெரிய ஞாயிறு இரண்டு நாள் கழித்து. சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமையைச் செவ்வாயில் ஒரு பாதி, வியாழனில் ஒரு பாதி என்று ஈடுகட்டப் பார்த்தவர்கள் இருந்தார்கள். தவறிய ஓட்டத்தை அடுத்த வாரத்தில் திணிக்கக் கூடாது என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பு வலுவாவது ஓட்டத்துக்குப் பிந்தைய ஓய்வில், ஓய்வைப் பறித்தால் ஓட்டமும் வீண். ஏரிக்கரை அண்ணன் மழை பெய்தால் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவார், மறுநாள் விட்ட மதகிலிருந்து தொடர்வார். அந்தப் பதற்றமின்மையை இன்றைக்குக் கட்டணம் கட்டிக் கற்க வேண்டியிருக்கிறது.

ஜூலையில் நடக்கும் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தானுக்கு 12 வாரம் பின்னோக்கி எண்ணினாலும் இதே கதைதான். ஏப்ரல் கடைசியில் தொடங்கி, மே 4 முதல் 28 வரை நீளும் கத்திரியை முழுக்கக் கடந்தாக வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கையில் வியர்வை ஆவியாவதில்லை, சொட்டித்தான் போகிறது. உடம்பு குளிர்வதில்லை. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. குளிர்நாட்டு அட்டவணையில் 'எளிய ஓட்டம், கிலோமீட்டருக்கு 6:30' என்று போட்டிருந்தால் கத்திரியில் அது எளிய ஓட்டமே கிடையாது. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால், கடிகாரம் என்ன காட்டினாலும் வேகத்தைக் குறையுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் போலப் பிடிக்கும், அந்த நாட்களில் வேகப் பயிற்சியே வேண்டாம். என்னைக் கேட்டால், மார்கழி முதல் மாசி வரைதான் இந்த ஊரில் தூரத்தைச் சேர்க்க ஏற்ற காலம். 2008-இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில், செம்மண் பாதையில், பரிசே இல்லாமல் நடக்கிறது. முதல் மாரத்தான் ஓடுகிறவர்களை நான் அங்கேதான் போகச் சொல்கிறேன்.

ஏரிக்கரைப் பக்கம் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பையன்கள் இன்றும் இருக்கிறார்கள். 1500 மீட்டருக்கு 7 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. அதே வேகத்தை விடாமல் பிடித்தால் மாரத்தானை 3 மணி 17 நிமிடத்தில் முடிக்கலாம். ஞாயிறு காலை எங்கள் குழுவில் அந்த வேகத்தில் 1500 மீட்டர் ஓடக்கூடியவர்களே கொஞ்சம் பேர். அந்தப் பையன்களோ இன்றும் தினமும் முழு வேகத்தில் ஓடி அதே முன்னெலும்பு வலியோடு திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவன் எங்களோடு ஓட வரத் தொடங்கியிருக்கிறான். திருக்கழுக்குன்றம் பக்கத்துப் பையன். வாரத்தில் நாலு நாள் பேசிக்கொண்டே மெதுவாக ஓடு என்றதும் அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. "மெதுவா ஓடுனா எப்படிண்ணா வேகம் வரும்?" ஸ்னெல் கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

அவனுக்கு எந்தத் திட்டத்தைக் கொடுப்பது என்று உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அச்சிட்ட அட்டவணைகள் எல்லாமே பந்தயத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகின்றன. எங்களுக்குத் தேதி ஒரு வருடம் முன்பே தெரியும். அவன் தேர்வுக்குத் தேதி கிடையாது. அறிவிப்பு வர வேண்டும், எழுத்துத் தேர்வு முடிய வேண்டும், பிறகுதான் மைதானத்துக்குக் கூப்பிடுவார்கள். அது எந்த மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எண்ணிக்கையை முன்னோக்கி வைத்தோம். வாரத்துக்கு நாலு நாள் நிதானம், ஒரு நாள் மலையடிவாரத்து மேட்டில் ஏற்றம், ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் வேகத் துண்டுகள், ஞாயிறு ஓய்வு. அழைப்பு வந்த பிறகு வேகத் துண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம். அவன் அதை ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். முன்னெலும்பு வலி குறைந்துவிட்டது என்கிறான். இப்போது அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் அந்த நோட்டைக் கேட்கிறார்கள். ஒருவன் இதுவரை ஓடியதே இல்லை, இன்னொருவன் காலில் அடிபட்டவன். ஆளுக்கொன்று தனியாக எழுத வேண்டும்.