கல்யாண விருந்துக்கு முதுகு காட்டாதீர்கள்

பாரிஸ்

அன்புள்ள அத்தைக்கு,

பத்து நாளில் ஐந்து நாடு என்று மாமா போட்ட பயணப் பட்டியல் கிடைத்தது. பாரிசுக்கு ஒன்றரை நாள் ஒதுக்கியிருக்கிறார். அதற்குள் ஈஃபிள் கோபுரம், லூவர் அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, படகுச் சவாரி, குடும்பப் போட்டோ எல்லாம் முடிய வேண்டுமாம். ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளர்கூட ஒரு தெருவில் இதைவிட அதிக நேரம் நிற்பார்.

போட்டோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விசாவுக்கான படம் 35க்கு 45 மில்லிமீட்டர். வாயை மூடியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. இதற்கு நம் குடும்பத்துக்குப் பயிற்சி தேவையில்லை. தாத்தாவின் சதாபிஷேகப் படத்தில் அத்தனை பேர் நிற்கிறோம், ஒருவர் பல்லும் தெரியவில்லை. சிக்கல் இங்கே வந்த பிறகுதான். மணிக்கணக்குக்குக் காசு வாங்குகிற போட்டோக்காரர், "இயல்பாக இருங்கள்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டதும் மாமா விறைத்துவிடுவார்.

அதனால் வந்து இறங்கிய மறுநாள் விடிகாலையிலேயே படத்தை எடுத்துவிடுங்கள். கோடையில் உங்கள் கடிகாரம் எங்களுக்கு மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நீங்கள் வாசல் தெளிக்கிற ஐந்தரை மணி இங்கே நள்ளிரவு இரண்டு. எப்படியும் கொட்டக் கொட்ட விழித்திருப்பீர்கள், அதை வீணாக்குவானேன்? ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் வந்துவிடும். த்ரோகாதேரோ மேடையில் நின்றால் எதிரே ஈஃபிள் கோபுரம் முழுசாகத் தெரியும். வெயில் சாய்வாக விழுவதால் கண்ணுக்குக் கீழே கருநிழல் கிடையாது. கல்யாணப் படம் எடுக்க வந்த ஒன்றிரண்டு ஜோடிகள் இருக்கலாம், அவ்வளவுதான். பத்து மணிக்குப் போனால் நம் குடும்பப் படத்தில் நாலு நாட்டுக் குடும்பங்கள் சேர்ந்துகொள்ளும். இந்த ஊர்க் கட்டடங்கள் வெளிர்மஞ்சள் கல், கூரைகள் சாம்பல் நிறத் துத்தநாகத் தகடு. உங்கள் அரக்குப் பட்டு எடுப்பாக இருக்கும். காற்று அடிக்கும், முந்தானைக்கு ஊசி குத்திக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை லூவர் என்று மாமா எழுதியிருக்கிறார். செவ்வாய் அங்கே விடுமுறை. வேறு நாள் போனால், மோனா லிசாவை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். 77க்கு 53 சென்டிமீட்டர், கண்ணாடிக்குப் பின்னால். அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, எல்லோரும் தங்களைத்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஓவியர் வெரொனேசே 1563இல் வரைந்து முடித்த 'கானாவூர் கல்யாணம்' இருக்கிறது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். லூவரிலேயே பெரிய ஓவியம் அதுதான். பந்தி, பாட்டு, நாய், நூறு பேருக்கு மேல் விருந்தாளிகள். வெனிஸ் மடத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்கென்று வரைந்ததை நெப்போலியனின் படை சுருட்டிக்கொண்டு வந்தது. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யாருக்குப் பரிமாறவில்லை என்று பார்க்கவே உங்களுக்கு அரை நாள் வேண்டும்.

உங்கள் முழங்காலுக்கு மெட்ரோ ஆகாது. பல நிலையங்களில் படிதான், லிஃப்ட் இல்லை. கோபுரத்துக்குப் பக்கத்தில் 69ஆம் எண் பஸ் ஏறுங்கள். லூவர், நகர மண்டபம், பஸ்தீய் எல்லாம் ஜன்னலுக்கே வரும்.

இருட்டிய பிறகு மணிக்கு ஒரு முறை கோபுரம் ஐந்து நிமிடம் மினுமினுக்கும். ஜூனில் இருட்டவே பத்து மணி தாண்டும். பிள்ளைகளை மத்தியானம் தூங்க வையுங்கள். அந்த விளக்கொளிக்கு உரிமை உண்டு, படத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். வீட்டு ஆல்பத்துக்குத் தடையில்லை. கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்த மாமா நிம்மதியாக எடுக்கலாம்.

ஆகவே மூன்று நாட்டை அடித்துவிடச் சொல்லுங்கள். ஊரில் காட்ட ஐந்து நாட்டுப் படம் வேண்டாமா என்று மாமா கேட்பார். படம் பார்க்கிற நம் சொந்தக்காரர்கள் யார் இளைத்தார், புடவை என்ன விலை, சின்னவன் ஏன் முறைக்கிறான் என்றுதான் கேட்கப்போகிறார்கள். அதற்கு ஒரு நாடே அதிகம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்