விருந்தோம்பும் கணினிகள்

டிசைனருக்கு ஒரு மேக், பில் போடுகிறவருக்கு விண்டோஸ் 11, ஓரமாக உபுண்டு போட்ட பழைய கணினி. சிறிய அச்சகங்களில் காணக்கூடிய குடும்பம்தான். மூன்றுக்கும் ரவுட்டர் ஒன்றே. இவை ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், அன்றைக்கு அவருக்குப் பொழுது போகவில்லையே என்ற கவலை இருக்காது.

முதலில் விண்டோஸின் பொறுப்புணர்ச்சியைச் சொல்லவேண்டும். 'அட்வான்ஸ்டு ஷேரிங்' போய் 'எவ்ரிஒன்' என்று டிக் அடித்தவுடன் எல்லாருக்கும் திறந்துவிட்டது என்று நாம் நம்பி ஏமாறாமல் இருக்க, பக்கத்திலேயே 'செக்யூரிட்டி' என்று இன்னொரு தாவலை வைத்திருக்கிறது. அதே அனுமதியை அங்கேயும் போய்க் கேட்கவேண்டும். பிறகு அடுத்த கணினியிலிருந்து உள்ளே வர, பெயரும் பாஸ்வேர்டும். தினமும் நாலு இலக்கப் பின்னைத் தட்டியே பழகியவர் பாஸ்வேர்டுக்கு எங்கே போவார்? பின் அந்தக் கணினியை விட்டு வெளியே செல்லுபடியாகாது. மறந்துபோன பாஸ்வேர்டை நினைவுக்குக் கொண்டுவரும் இந்த ஞாபகப் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் ஏதும் இல்லை.

இது வேண்டாம் என்று ஃபோல்டரை உபுண்டு பக்கம் மாற்றினால், அங்கே சாம்பா காத்திருக்கிறது. 1992 முதல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பின்னால் சேர்ந்தவர்களும் வளர்த்த மென்பொருள் அது. விண்டோஸ் பேசும் எஸ்எம்பி நெறிமுறையை, கம்பியில் போய்வரும் பேச்சை ஒட்டுக்கேட்டே பெரும்பாலும் கற்றுக்கொண்டார்கள். மாணவர்கள் தாமே முயன்று கற்கவேண்டும் என்பதில் மைக்ரோசாஃப்டுக்கு இருந்த பிடிவாதம் நல்லாசிரியர்களுக்கே உரியது. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, விவரங்களைக் கொடு என்றது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த டிசம்பரிலேயே ஆவணங்கள் சாம்பா குழுவுக்குக் கிடைத்துவிட்டன, வெறும் 10,000 யூரோவுக்கு! முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, பாவம், ரசீது போட மறந்துவிட்டான்.

லினக்ஸும் சளைத்ததல்ல. கணினிக்குள் நுழைய ஏற்கெனவே ஒரு பாஸ்வேர்டு இருந்தாலும், சாம்பாவுக்கென்று 'எஸ்எம்பிபாஸ்வேர்டு' கட்டளையில் இன்னொன்று வைக்கச் சொல்லும். ஒரே ஆளை இரண்டு பேராக மதிக்கும் மரியாதை வேறு எங்கே கிடைக்கும்? எல்லாம் முடித்து விண்டோஸிலிருந்து திறந்தால் 0x80070035. பாதை காணவில்லையாம். ஃபயர்வால் மறித்திருக்கலாம், கணினியின் பெயர் புரியாமல் போயிருக்கலாம், சாம்பா இன்னும் எழுந்திருக்காமலும் இருக்கலாம். ஏழு சீரில் இரண்டு அடி எழுதியவரை மெச்சுகிறோம். இத்தனை காரணங்களை ஒரே எண்ணில் அடக்கியவருக்கு ஒரு சிலைகூட இல்லை.

பாதுகாப்பில் காட்டும் சுறுசுறுப்பையும் விடக்கூடாது. ஐபிஎம்மில் 1983 வாக்கில் பிறந்த எஸ்எம்பியின் முதல் பதிப்பை முதியோரைப் பேணுவதுபோல் வைத்துக் காப்பாற்றினார்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற கணினிப் புழு அதன் ஓட்டை வழியாக உலகத்தைச் சுற்றிவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் அந்தப் பதிப்பின் சர்வர் பகுதி இயல்பாக வராதபடி செய்துவிட்டார்கள். அதை மட்டுமே பேசத் தெரிந்த பழைய ஸ்கேனர்கள் அன்றோடு ஓய்வு பெற்றன. இப்போது விண்டோஸ் 11-இன் 24எச்2 ப்ரோவில், பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளியாகத் திறந்துவிடும் சர்வர்களோடு பேச்சுவார்த்தையே கிடையாது. தராதரம் பார்த்துப் பழகுகிறவர்கள்.

ஒருவழியாக எல்லாம் திறந்துகொண்டால் மேக் வரும். வெறுங்கையோடு வராது. நுழைந்த ஃபோல்டரில் '.டிஎஸ் ஸ்டோர்' என்று ஒரு கோப்பு மொய் வைக்கும். சில சமயம் கோப்புக்கு ஒன்றாகப் புள்ளியும் அடிக்கோடும் போட்ட குட்டிகளும் கூட வரும். விண்டோஸுக்கு ரோஷம் வந்து 'தம்ஸ்.டிபி' ஒன்றை எழுதி வைக்கும். நாளைக்கு அச்சுக்குப் போகவேண்டிய கல்யாணப் பத்திரிகையின் பிடிஎஃப்பும் அதற்குள்ளேதான் எங்கோ இருக்கிறது.