கனத்த கிளட்சும் கிராணியார் முழங்காலும்: ஓர் ஆய்வு

வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்ட செம்பனையில்தான் இந்நாட்டின் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது என்று எழுதாதவர் இல்லை. அதே வட்டாரத்தில் ஓர் எம்.ஜி.பி. காடியின் கிளட்ச் ஏன் கல்லாய்க் கனத்தது என்பதை மட்டும் அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறை இன்றோடு தீர்ந்தது.

ஆய்வுப்பொருள்: இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியான இனத்தைச் சேர்ந்த, கூரை மடக்கும் 1969ஆம் ஆண்டுக் காடி. துரை ஒருவர் விட்டுப்போனது. உரிமையாளர், கோல சிலாங்கூர்ப் பக்கம் கித்தாப்பால் நிறுத்தே காலம் தள்ளி ஓய்வுபெற்ற கிராணியார்.

களம்: ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் காராங் சடக்கு. செகிஞ்சானுக்கு மீன் சாப்பிடப் போகும் கோலாலம்பூர்க் கூட்டம் அங்கே வரிசை கட்டி ஊரும். ஊர்வதென்றால் மிதி, விடு, மறுபடி மிதி. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒளிந்திருந்த நோய் இங்கேதான் அம்பலமானது.

முந்தைய கோட்பாடுகளில் மூத்தது முழங்கால் மரபு. நிறுவியவர் கிராணியாரின் துணைவியார். வயதாகிவிட்டது, மூட்டு தேய்ந்துவிட்டது, கோடாலித் தைலம் தேய்த்தால் சரியாகும் என்பது அதன் சாரம். கோப்பிக்கடை மரபோ, வெள்ளைக்காரன் காலுக்குச் செய்த காடி நம் காலுக்கு மசியாது என்றது. இரண்டும் குற்றத்தைக் காலின் மேலேயே சுமத்துவதைக் கவனிக்க. பந்து விளையாடும் பேரன் ஓட்டிப் பார்த்துவிட்டு இடது தொடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய நாளில் இரு மரபுகளும் சற்று ஆடின. தைலம் மட்டும் நின்றபாடில்லை.

அடுத்து வந்தது பட்டறை மரபு. கிளட்சின் மேல் சிலிண்டரை 0.75 அங்குலத்திலிருந்து 0.625 அங்குலமாக மாற்றிவிடலாம் என்றார்கள். பாஸ்கல் விதிப்படி மிதிக்கும் பலம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும், உண்மைதான். ஆனால் மிதி 44 விழுக்காடு கூடுதலாக அமுங்கியாக வேண்டும். அவ்வளவு இடத்துக்குக் காடியின் தரையில் ஓட்டை போட வேண்டியிருக்கும். கிளட்ச் முழுதாக விலகாமல் கியர் கத்துவது தனிக் கதை.

நெறிமுறையோடு ஆராய்ந்தவர் ஒருவரே: செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். மிதியை மேல் சிலிண்டரோடு இணைக்கும் ஊசியை உருவிவிட்டுக் கையால் ஆட்டினார். ஊஞ்சல் போல ஆடியது. ஆக, அச்சும் புஷ்ஷும் நிரபராதி. ஊசியைத் திரும்பப் போட்டு, கீழ் சிலிண்டரில் காற்று எடுக்கும் திருகைத் தளர்த்தி மிதிக்கச் சொன்னார். எதிர்த்துத் தள்ள எதுவுமில்லாத நிலையிலும் கனம் குறையவில்லை. கிளட்ச் தட்டின் ஸ்பிரிங்கும் விடுதலை. குற்றவாளி நடுவிலேயே இருந்தாக வேண்டும்.

மேல் சிலிண்டரைப் பிரித்தார். உள்ளே வழுக்கிக்கொண்டு போக வேண்டிய ரப்பர் வாஷர் ஊதிப் பருத்து, விரலுக்கு வழவழவென்று, வெளியே வர மறுத்தது. கீழ் சிலிண்டருக்குப் போகும் ரப்பர் குழாயும் உட்புறம் வீங்கி, துளை குறுகியிருந்தது.

“கிராணியாரே, இதுல என்னா எண்ண ஊத்துனீங்க?”

“டிராக்டருக்கு ஊத்துறதுதான். மிச்சம் இருந்துச்சு.”

“இவ்வளவு காலம் கித்தாவுல சோறு தின்னுருக்கீங்க. ரப்பருக்கு அந்த எண்ண ஆகாதுன்னு தெரியாதா?”

இக்கேள்விக்குக் கிராணியார் தரப்பில் பதில் எதுவும் பதிவாகவில்லை. பிரேக் ஆயில் மட்டுமே புழங்க வேண்டிய இடத்தில் கனிம எண்ணெய் போனால் ரப்பர் அதைக் குடித்து வீங்கும். பால்மரத்தை நம்பி வாழ்ந்த ஒரு வட்டாரமே ரப்பரை விட்டுவிட்டு முழங்காலை விசாரித்தது ஆய்வு வரலாற்றில் அரிய நிகழ்வு.

ரப்பர் பாகங்கள் அத்தனையும் மாற்றி, குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவி, புது பிரேக் ஆயில் ஊற்றியதும் மிதி லேசாகிவிட்டது. விடாமல் தேய்த்த பலன் என்று முழங்கால் மரபு இதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

இப்போது புதிய சிக்கல். மிதி லேசான சுகத்தில் கிராணியார் வழிநெடுக அதன் மேலேயே காலை வைத்திருக்கிறார். எம்.ஜி.பி.யில் கிளட்சைத் தள்ளுவது குண்டு பேரிங் அல்ல, ஒரு கரி வளையம். ஓயாமல் அழுத்தினால் தேய்ந்துபோகும். மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். ஃபிட்டர் பெரியவர் எதற்கும் இருக்கட்டுமென்று தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் சங்கிலிக் கப்பி இருக்கிறதா என்று விசாரித்து வைத்திருக்கிறார்.