பத்து யூரோக் கழுகு

பொலிதேயாமா அரங்குக்கு எதிரே, சதுக்கத்து வாங்கில் இருந்து எழுதுகிறேன். வியாழன் பிற்பகல் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு. கடிதக் கட்டோடு அந்த நேரம் இங்கே வந்துவிடுவேன். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் பலெர்மோ உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றியவை. இருபது வருடத்துக்கு மேலாக நான் அந்த அணியின் ரசிகன். கேட்டவர்களுக்கு நன்றி.

கே: உங்கள் அணி தோற்றால் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? (நாவாந்துறை)

ப: வந்த புதிதில் நடுவரை. பிறகு பயிற்றுநரை. இப்போது காசோலையில் கையெழுத்து வைப்பவரை. ரசிகனுக்கு வயது ஏற ஏற, திட்டும் ஒவ்வொரு மாடியாக மேலே ஏறும்.

கே: பலெர்மோ என்றால் சினிமாவில் துப்பாக்கிதானே பார்த்திருக்கிறோம்! அங்கே பந்துக்கு அப்படி என்ன மவுசு? (சேலம்)

ப: துப்பாக்கியைப் படம் எடுத்தவர்கள் மைதானத்துப் பக்கம் வரவில்லை. கழகம் பிறந்தது 1900 நவம்பர் 1. உடுப்பு 1907இல் ரோசாவும் கறுப்புமாக மாறியது. இனிப்புக்கு ஒன்று, கசப்புக்கு ஒன்று என்று இங்கே சொல்வார்கள். சின்னம் கழுகு. 1932இல் திறந்த மைதானம் பெல்லெகிரீனோ மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அதே மலையின் குகையில்தான் 1624 கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்த சாந்தா ரொசாலியாவின் கோயில். ஞாயிறு காலையில் எங்கள் சனம், சைவர் கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல், அந்த மலைக்கு நேர்த்தி வைத்து ஏறும். ஆட்ட நாளில் அதே மலையடியில் ரோசாச் சால்வையோடு நிற்கிற தமிழ்ப் பிள்ளைகளையும் பார்க்கலாம். பலெர்மோத் தமிழருக்கு வேண்டுதலும் பந்தும் ஒரே மலையில்.

கே: சம்பரீனி என்ற முதலாளி உங்கள் கழகத்தை வாழவைத்தாரா, கெடுத்தாரா? (தொறொன்ரோ)

ப: இரண்டும். அதனால்தான் எங்கள் கோபம் இத்தனை கனமாக இருக்கிறது.

மௌரீசியோ சம்பரீனி வடக்கே பிரியூலியில் பிறந்த வணிகர். பேரங்காடிகளால் பணம் சேர்த்தவர். 2002இல் வெனிசியா கழகத்தை விட்டுவிட்டு எங்கள் கழகத்தை வாங்கினார். வரும்போது வெனிசியாவின் பயிற்சி முகாமிலிருந்து பன்னிரண்டு வீரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஊர் ரசிகர்கள் அதை இன்றைக்கும் களவு என்கிறார்கள். எங்களுக்கு அன்று அது சீதனமாகத் தெரிந்தது. ஒரு ஊரை இப்படி விட்டுவிட்டு வந்தவர் இன்னொரு ஊரையும் விடுவார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வெற்றி வரும்போது எந்த ரசிகனும் கணக்குப் புத்தகம் கேட்பதில்லை.

வெற்றியும் வந்தது. 2004இல், 31 ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் நிலையான சீரி ஏ. லூக்கா தோனி அந்தப் பருவத்தில் 30 கோல் அடித்தார். அடுத்த வருடமே ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி. 2010இல் ஐந்தாம் இடம். நான் வேலை செய்த வீட்டு முதியவர் வானொலியைக் காதோடு அணைத்துக்கொண்டு அழுத ஞாயிற்றுக்கிழமைகள் அவை. அந்த மகிழ்ச்சிக்காகச் சம்பரீனிக்கு நான் கடன்பட்டவன். 2022 பெப்ரவரியில் அவர் இறந்தபோது விளக்கு ஏற்றினேன். அவர்மேல் இருந்த கோபம் அதற்காக அணையவில்லை.

கே: எங்கள் சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சி தந்த மத்தராட்சி உங்கள் ஆளா? (சென்னை)

ப: எங்கள் அணியில் ஆடியவர் இல்லை. ஆனாலும் 2006 ஜூலை 9 இரவு பெர்லினில் நடந்த உலகக்கிண்ண இறுதியில் இத்தாலிக்குச் சமன் கோலை அடித்தவர் அவர், கடைசிப் பெனால்டியை உள்ளே தள்ளியவர் எங்கள் ஃபாபியோ குரோசோ. அந்த உலகக்கிண்ண அணியில் நான்கு பேர் பலெர்மோ வீரர்கள்: குரோசோ, பார்சாலி, சக்கார்தோ, பரோனே. ஒன்பது வருடம் கழித்து மத்தராட்சி உங்களுக்கு ஐ.எஸ்.எல். கிண்ணம் எடுத்துத் தந்தார். ஒரே இரவுக்கு நீங்களும் நாங்களும் நன்றி சொல்ல வேண்டும்.

கே: அணி தோற்றால் பயிற்றுநரை மாற்றுவதுதானே வழி? நிர்வாகம் வேறு என்னதான் செய்யும்? (மதுரை)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

சம்பரீனிக்கு இத்தாலிப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘பயிற்றுநர் தின்னி’. அவர் தின்றவர்களில் சிலரைச் சொல்கிறேன். ஸ்தெஃபானோ பியோலி: 2011 கோடையில் வந்தார், லீக் தொடங்குமுன்னே ஓகஸ்ட் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு லீக் ஆட்டம்கூட இல்லை. அவர்தான் 2022இல் மிலானைச் சம்பியனாக்கினார். ஜான் பியேரோ காஸ்பெரீனி: 2012-13 பருவத்தில் சன்னீனோவுக்குப் பதிலாக வந்தார், நீக்கினார்கள், மலெசானி மூன்று ஆட்டம் பார்த்தார், மறுபடி காஸ்பெரீனி, மறுபடி நீக்கம், மறுபடி சன்னீனோ. ஓடிக் கதிரை பிடிக்கும் விளையாட்டுப் போல ஒரு பருவம். அணி சீரி பி-க்கு இறங்கியது. அதே காஸ்பெரீனிக்கு அத்தலாந்தா ஒன்பது பருவம் கொடுத்தது. 2024இல் டப்ளினில் யூரோப்பா லீக் கிண்ணத்தை அந்தச் சிறிய ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரொபெர்த்தோ தெ செர்பி 2016இல் இங்கே மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. பின்னர் இங்கிலாந்தின் பிரைட்டனை அதன் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டிக்கு ஏற்றினார். கத்தூசோவுக்கு ஆறு லீக் ஆட்டம். 2020இல் நாப்போலிக்கு இத்தாலியக் கிண்ணம் எடுத்தவர் அவர்.

ஆக, ஆட்களைத் தேடிப் பிடிப்பதில் குறையில்லை. எங்கள் முதலாளிக்கு மாணிக்கம் எது என்று தெரிந்திருந்தது. கையில் வைத்திருக்கத்தான் தெரியவில்லை.

2015-16ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஜனவரியில் வெரோனாவை வென்றோம். வென்ற பிறகு கோல்காப்பாளர் சொரென்தீனோ ஊடகத்தின் முன் நின்று, பயிற்றுநர் பல்லார்தீனி எங்களோடு பேசவே இல்லை, நாங்களே தனியாக ஆடினோம் என்ற பொருளில் சொன்னார். பல்லார்தீனி நீக்கம். அடுத்து ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நவம்பரில் நீக்கிய யாகீனியையே திரும்பக் கூப்பிட்டார்கள், அவரையும் நீக்கினார்கள். நொவெல்லீனோ வந்தார், போனார். ஏப்ரலில் யார் வந்தது? பல்லார்தீனி. கடைசி நாளில் அதே வெரோனாவை 3-2 என்று வென்று அணியைக் காப்பாற்றினார். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதோம். இரவு வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது: ஜனவரியில் அந்த இருவரையும் ஒரு அறைக்குள் இருத்திப் பேச வைத்திருந்தால் போதுமே! அதைச் செய்வதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

கே: கவானி, பஸ்தோரே, திபாலா என்று விற்றுக் கோடி கோடியாகச் சேர்த்தீர்களே. காசு எங்கே? (கொழும்பு)

ப: பஸ்தோரே 2011இல் பாரிசுக்கு 4 கோடி யூரோவுக்கு மேல். திபாலா 2015இல் யுவென்டசுக்கு 3 கோடி 20 லட்சம். விற்றதில் எனக்கு மனவருத்தம் இல்லை, நடுத்தரக் கழகங்கள் அப்படித்தான் அடுப்பெரிக்கும். விற்ற காசில் என்ன எழுந்தது என்பதே என் கேள்வி. மைதானம் மாநகர சபையின் சொத்து. புது மைதானம் என்ற பேச்சு பேச்சாகவே போனது. கழகத்தின் பெயரையும் சின்னத்தையும் வைத்திருந்த துணை நிறுவனத்தை 2016இல் லக்சம்பர்க் நிறுவனம் ஒன்றுக்கு 4 கோடி யூரோவுக்கு விற்றதாகக் கணக்கு எழுதினார்கள். அந்தத் தொகை முழுதாக வந்து சேரவில்லை. காணி விற்ற காசில் கிணறு வெட்டியிருந்தால் ஊர் பொறுத்திருக்கும். இங்கே கிணறும் இல்லை, காணியும் இல்லை.

கே: கழகத்தைப் பத்து யூரோவுக்கு விற்றது உண்மையா? (திருநெல்வேலி)

ப: உண்மை. 2018 டிசம்பரில், லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு. பத்து யூரோவுக்குப் பல்லரோ சந்தையில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். நூற்றுப் பதினெட்டு வயதுக் கழகத்துக்கும் அதே விலை. கடனும் பொறுப்பும் சேர்ந்துதான் கைமாறின என்பது சட்ட விளக்கம். எங்கள் காதில் விழுந்தது விலை மட்டும்.

அடுத்த ஐந்தாறு மாதத்தில் கழகம் மூன்று கை மாறியது. வீரர்கள் என்னவோ ஒழுங்காக ஆடி சீரி பி-யில் மூன்றாவதாக வந்தார்கள். 2019 மே மாதம் கணக்கு முறைகேட்டுக்காகக் கடைசி இடத்துக்குத் தள்ளினார்கள். மேன்முறையீட்டில் அது 20 புள்ளிக் குறைப்பாகியது. ஜூலையில் அடுத்த பருவத்துக்கான பதிவுக்கே நிர்வாகம் தகுதி பெறவில்லை. ஒக்ரோபரில் நீதிமன்றம் திவால் என்றது. புல்லில் தோற்று இறங்கினால் தாங்கலாம். புல்லில் மூன்றாவதாக வந்தவனை மேசையில் தோற்கடித்தார்கள்.

கே: அதோடு விட்டிருப்பீர்களே? (வவுனியா)

ப: அந்தக் கோடையில் மேயர் ஒர்லாந்தோ புதிய கழகத்தை உள்ளூர்க்காரர் தாரியோ மிர்ரியின் குழுவிடம் கொடுத்தார். நான்காம் நிலையான சீரி டி-யில் தொடக்கம். பெரிய மிலானுக்கு எதிராக நின்றவர்கள் மர்சாலா, லிக்காத்தா என்று பக்கத்து ஊர்களுக்குப் போய் ஆடினார்கள். அந்த நான்காம் நிலை அணிக்குப் பருவச் சீட்டு வாங்கியவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். வரிசையில் நானும் நின்றேன். நிறுவனம் திவாலான பின்பும் வரிசை திவாலாகவில்லை.

2022 ஜூன் 12ஐயும் கேளுங்கள். சீரி பி-க்கு ஏறும் இறுதி ஆட்டம், பாதோவாவுக்கு எதிராக. அன்றே மாநகரத் தேர்தல். பொறுப்பாளர்கள் வராததால் பல வாக்குச்சாவடிகள் நேரத்துக்குத் திறக்கவில்லை. இரவு ஆட்டம்தான் காரணம் என்று நாடே பேசியது. கடமையை விட்டவர்களை நான் ஆதரிக்க மாட்டேன். நான் அறிந்த பலரும் காலையில் வாக்குப் போட்டுவிட்டு இரவில் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டும் முடியும்.

கே: இப்போது அபுதாபிப் பணம் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை? (துபாய்)

ப: 2022 ஜூலையில் சிட்டி ஃபுட்போல் குரூப் 80 விழுக்காடு வாங்கியது. மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்கள். 2019இல் மும்பை சிட்டியின் பெரும்பங்கை வாங்கியவர்களும் அவர்களே. சம்பளம் நேரத்துக்குப் போகிறது, தொரெத்தாவில் சொந்தப் பயிற்சி மையம் எழுந்தது. இதை மனதாரப் பாராட்டுகிறேன். கிணறு ஒருவழியாக வெட்டியாகிவிட்டது.

ஆனால் முதல் மூன்று பருவத்தின் இடங்கள்: 9, 6, 8. சீரி டி-யில் எங்களைப் போலவே புழுதி தின்ற கோமோ 2024இல் சீரி ஏ-க்குப் போய்விட்டது. 2025 மே மாதம் சீரி ஏ-க்கு ஏறும் தகுதி ஆட்டத்தில் யுவே ஸ்தாபியாவிடம் 1-0 தோற்று வெளியேறினோம். எங்கள் ஊரில் ஆறு லட்சம் பேருக்கு மேல், அவர்களுடையது ஒரு சிறு துறைமுகப் பட்டினம். அணியை மேலே ஏற்றிய பயிற்றுநர் பால்தீனி புதியவர்கள் வந்த அதே மாதத்தில் பதவி விலகினார். பிறகு கொரீனி, மின்யானி, தியோனீசி, 2025 ஜூனில் பிலிப்போ இன்சாகி. பீசாவை 34 ஆண்டுக்குப் பின் சீரி ஏ-க்கு ஏற்றிய கையோடு வந்தவர் இன்சாகி. நல்ல தெரிவு. அதனால் ஒன்றே கேட்கிறேன்: அவர் இரண்டு ஆட்டம் தோற்றால் தொலைபேசியை எடுக்காதீர்கள்.

முந்திய முதலாளியைத் திட்ட வேண்டுமானால் அவர் பெயர் தெரிந்திருந்தது, முகம் தெரிந்திருந்தது, தொலைக்காட்சியில் அவரும் எங்களைத் திருப்பித் திட்டினார். இப்போது முடிவு எந்த நகரத்தில், எந்த மேசையில் எடுக்கிறார்கள் என்றே ரசிகனுக்குப் புரிவதில்லை. தோற்ற மறுநாள் ஒருவர் வந்து, இன்ன காரணம், இன்ன திருத்தம் என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். ஒரு குடும்பத்துக்குச் சொல்வது போல.

கே: கழகத்தில் ரசிகருக்கே பங்கு இருந்தால்? (பெர்லின்)

ப: நீங்கள் இருக்கும் நாட்டைப் பாருங்கள். ஜெர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் பெரும்பாலான கழகங்களில் அங்கத்தவர் கையில். அங்கும் அணிகள் தோற்கின்றன. ஆனால் பத்து யூரோவுக்கு விற்கிற யோசனையோடு எழும்புகிறவர் முதலில் சபையைக் கூட்டி அங்கத்தவரிடம் கேட்க வேண்டும். இங்கே கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கே: இலங்கை உதைபந்தாட்ட நிர்வாகத்துக்கு உங்கள் அறிவுரை? (குருநகர்)

ப: 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை பீபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தி வைத்தது. அந்த மாதங்களில் நம் பெடியளால் சர்வதேச ஆட்டம் ஆட முடியவில்லை. இருபது வயதுக்காரனுக்கு ஏழு மாதம் என்பது சின்னக் காலமா? கதிரைச் சண்டை போடுகிறவர்கள் அந்தப் பெடியளின் வீட்டுக்குப் போய் அதற்குப் பதில் சொல்லட்டும்.

கே: இத்தனை வேதனை எதற்கு? யுவென்டசுக்கோ இன்ரருக்கோ மாறிவிடலாமே? (பட்டுக்கோட்டை)

ப: என் மகள் இங்கே பிறந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் பலெர்மோப் பேச்சு. ஐந்து வயதில், சீரி டி காலத்தில், அவளை முதல் தடவையாக மைதானத்தின் வடக்கு அரங்குக்குக் கூட்டிப் போனேன். பக்கத்தில் நின்ற கிழவி தன் ரோசாச் சால்வையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டு, பெயர் என்ன, யாருடைய பிள்ளை என்று கேட்டாள். எந்த நாடு என்று கேட்கவில்லை. சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கிழவி வாங்கவில்லை. இன்றைக்கு அது எங்கள் சாமியறைக் கதவில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, மகள் ஏற்கனவே அதைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டாள்.