விரலுக்கு விலைப்பட்டியல்

1923இல் பிறந்து, பலமுறை திருத்தப்பட்டு, 2025 வரை நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் விரல்களுக்கு ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, சுண்டுவிரலுக்கு 7. சென்னை தி.நகரின் ரங்கநாதன் தெருவில்கூட இவ்வளவு கறாரான விலை கிடையாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவுப்படி, காயம்பட்டவர் 48 மணி நேரம் வேலை செய்ய முடியாமல் போனால் அரசுக்குத் தகவல் தர வேண்டியிருந்தது. இங்கேதான் சில முதலாளிகளின் கருணை பொங்கும். பவர் பிரஸ் இயந்திரத்துக்கு விரலைக் கொடுத்தவரை மறுநாளே கட்டுப்போட்ட கையோடு வரவழைத்து, கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். வருகைப் பதிவேட்டில் ஆஜர்!

விபத்துப் பதிவேடு படு சுத்தம்.

தி.நகர் ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி கிடைக்க, 2021இல் தமிழக அரசு சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. விரல் போனவருக்கோ நாற்காலி உடனே கிடைத்துவிடுகிறது.